தக்காளிக்கு ஒரு கழுகு

கலையரசனின் இடதுகையில் மாவுக்கட்டு இருந்தது. பிரச்சினை அதுவல்ல. வலதுகையில் எதுவுமே இல்லை என்பதுதான் பிரச்சினை.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன் அவன். பட்டறையில் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதும், கட்டுப் பிரிக்கும்வரை இந்தப் பக்கமே வரக் கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டீக்கரண்டி, ரிமோட், ஜன்னல் கொக்கி என்று அந்த வலதுகை எதையாவது நோண்டிக்கொண்டே இருந்தது. ஒருநாள் பிரிட்ஜ் கதவில் தாமரை பூத்தது. அன்றைக்கே அவன் மனைவி சரிதா அவனை மொட்டை மாடிக்குக் கடத்தினாள்.

அங்கே பழைய பெயின்ட் வாளிகளில் மூன்று தக்காளிச் செடிகள் நின்றன. எருமப்பட்டி நாட்டுத் தக்காளி. அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் கடை நாற்றுக்கு மாறிவிட, மிச்சமிருந்த விதையில் முளைத்தவை இவை மட்டுமே. ஒரு பழமாவது பழுத்து விதை எடுத்தால் உண்டு. இல்லையென்றால் அந்த ரசத்தின் புளிப்பைப் பேசி மட்டுமே தீர்க்க வேண்டும்.

ஒரு செடியின் இலைகள் ஏற்கெனவே அப்பளம் மாதிரி சுருண்டிருந்தன. தொட்டால் வெள்ளை ஈக்கள் புகையாய்க் கிளம்பின.

"ஏனுங்க, ஒரு தகரத்துல மஞ்சப் பெயின்ட் அடிச்சு, வெளக்கெண்ண தடவித் தொங்க உடுங்க. மஞ்சளப் பாத்து ஈ வரும், எண்ணயில ஒட்டிக்கும். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"இதென்ன பெரிய வேலையா புள்ள?"

பெரிய வேலையாகத்தான் ஆனது. மஞ்சள் அடித்து முடித்ததும் தகரம் அவனை வெறித்துப் பார்த்தது. வெறும் பலகையை வெளியே அனுப்பி அவனுக்குப் பழக்கமில்லை. ஓரமாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தான். சிவப்பு தனியாக நிற்குமா? பக்கத்தில் பச்சை. நடுவில் இறக்கை விரித்த கழுகு, அதன் காலில் ஒரு பாம்பு. பொழுது சாய்வதற்குள் வார்னிஷும் ஏறிவிட்டது. காலையில் விரலால் தொட்டுப் பார்த்தான். துளிகூட ஒட்டவில்லை. பெருமையாக இருந்தது. இப்படி மின்னுவதன் மேல் எண்ணெய் தடவ எந்தப் பெயின்டருக்கு மனசு வரும்?

வெள்ளை ஈக்கள் வந்தன. கழுகின் மேல் உட்கார்ந்தன. இளைப்பாறிவிட்டுச் செடிக்குத் திரும்பின.

பக்கத்து மாடியில் மிளகாய் காயப்போட வந்த பொன்னாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சாமி, தக்காளிக்கு நேஷனல் பர்மிட் எடுத்தாச்சா?"

"ஈ புடிக்கறதுங்க பெரியம்மா."

"புடிக்குதா?"

"வருதுங்க. நிக்க மாட்டேங்குது."

"டோல்கேட்டுலயே நிக்க மாட்டேங்கறானுங்க, இதுல நிப்பானுங்களா!"

கலையரசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேப்பெண்ணெயையும் சோப்பையும் தண்ணீரில் கரைத்து ஸ்பிரேயரில் ஊற்றினான். வேப்பெண்ணெய் அடிப்பதென்றால் வெயில் தாழ்ந்த பிறகுதான் என்று சரிதா எப்போதோ சொல்லியிருந்தாள். வெயில் தாழ்கிற மாதிரி தெரியவில்லை. உச்சி வெயிலிலேயே இரண்டாவது செடிக்கு அடித்தான். காய்ந்ததும், வழக்கம்போல, இரண்டாவது கோட்டிங்கும் கொடுத்தான்.

மறுநாள் அதன் இலைகள் இஸ்திரிப்பெட்டி பட்ட சட்டைபோல் கருகித் தொங்கின.

சரிதா மாடிக்கு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"எண்ண தடவுனீங்களா?"

அவன் கழுகைப் பார்த்தான். "பினிஷிங் நல்லா வந்திருக்குது புள்ள..."

"எங்கூட்டு வெதையவிட உங்களுக்குக் கழுகு பெருசாப் போச்சு."

சுருண்ட செடியைப் பிடுங்கிப் பையில் போட்டாள். கருகியதையும் பிடுங்கினாள். மூன்றாவதில் நான்கு காய்கள். மூன்றில் புழு துளைத்த ஓட்டை. அவற்றையும் கிள்ளிப் பையில் போட்டு இறுகக் கட்டினாள். மிஞ்சியது ஒரே காய். அவனைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அவன் விளக்கெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தான். வாலில் ஆரம்பித்தான். பிறகு இறக்கை, பாம்பு. கண்ணை மட்டும் கொஞ்ச நேரம் விட்டுவைத்திருந்து, பிறகு அதையும் தடவினான். காலையில் பார்த்தபோது ஈக்கள் அப்பி, கழுகுக்குக் கண்புரை விழுந்திருந்தது.

சரிதா பழைய வேட்டியில் சின்னதாய் ஒரு பை தைத்துக் காய்க்குக் கட்டினாள். வெள்ளைப் பை. ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை.

"இதுல கை வெச்சீங்க, நடக்கறதே வேற."

"சேச்சே."

அதன்பின் தினமும் காலையில் இலைகளைப் புரட்டிப் புழு பொறுக்கினான். வெயிலுக்கு முன்பே முடிந்துவிடும் வேலை. மிச்சப் பொழுதுக்கு வலதுகையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். பாக்கெட்டுக்குள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பையை அவிழ்த்த அன்று பழம் செக்கச்செவேலென்று இருந்தது. ஓட்டை இல்லை. சரிதா அதைப் பிழிந்து விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் பரப்பினாள். பையை உதறி மடிக்கப் போனவள் நின்றாள். மேலிருந்து பார்த்தால் தெரியாத அடிப்பக்கத்தில், சிவப்பில், பொடி எழுத்தில் எழுதியிருந்தது: 'இடைவெளி விடவும்.'

கலையரசன் தண்ணீர்த் தொட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெயின்ட் உள்ள எறங்கலையே?"

"இல்ல புள்ள. ஒரே கோட்டிங்தான்."