கதவு மறைத்த நான்கு முழம்

முந்நூறு ஆண்டு மழையைத் தாங்கிய வழிபாட்டு மண்டபத்தின் வடக்குச் சுவர், பொறியாளர் கைவைத்த பன்னிரண்டே ஆண்டுகளில் உப்புப் பூத்துப் பொரிந்தது. கல்லில் ஓடிய கொடி வேலைப்பாடு தொட்டால் மாவாய் உதிர்ந்தது. காரணம் கண்டறிய அவரையே நியமித்தது நிர்வாகக் குழு. மறுக்கும் நேர்மை அவருக்கு இருந்ததா? இல்லை. "கலவையில் கொத்தனார் காட்டிய கவனக்குறைவே காரணம்" என்று தட்டெழுதி, பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கொத்தனார் வேறு யாருமல்லர். அவருடைய மனைவியின் அண்ணன். அறிக்கை மேசைக்குப் போனால் பழைய கட்டடம் எதிலும் அந்த மனிதர் இனிக் கரண்டி பிடிக்க முடியாது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சுவரைப் பழுதுபார்த்த அன்று நடந்தது அவருக்கு மறந்துவிடவில்லை. கல்லிடுக்குகளில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் அடைக்கச் சொன்னவர் அவர்தாம். கல் குடிக்கும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும், சிமெண்ட் அதன் வாயைப் பொத்திவிடும் என்று மச்சான் மன்றாடினார். இருபது தொழிலாளர் முன்னிலையில் இவர் சொன்ன பதில்: "மச்சான், ரெண்டு புத்தகம் படிச்சிட்டு வந்து பேசுங்க." எல்லாரும் சிரித்தார்கள். வேறு வழியின்றி மச்சானும் சிரித்தார்.

குழு கூடும் காலையில், கடைசி அளவொன்று எடுக்க வடக்கு வாசலுக்குப் போனார் பொறியாளர். சுவரோடு சாய்ந்து எப்போதும் திறந்தே கிடக்கும் பெருங்கதவை, அளவுநாடா செல்ல வழி வேண்டி இழுத்தார். பின்னால் நான்கு முழச் சுவர், ஒரு பொட்டு உப்பில்லாமல் நின்றது. கொடியின் நரம்புகூட மழுங்கவில்லை. சாம்பல் நிற இடுக்கைச் சாவியால் கீறினார். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு! சிமெண்ட்போல் தெரிவதற்காக மேலே கரித்தூள் கலந்து பூசியிருந்தார்கள்.

அவருடைய காதுமடல் சுட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவருடைய படிப்பைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒரு சுவர் மௌனம் காத்திருக்கிறது!

குழு அழைத்திருந்ததால் மச்சானும் அப்போதுதான் வந்து சேர்ந்தார். திறந்து கிடந்த இரகசியத்தைக் கண்டு தலையைச் சொறிந்தார்.

"ஏன் மச்சான் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே மாப்ள. அதுக்குத்தான சிரிச்சீங்க." அவர் கீறிய இடுக்கைத் தடவினார். "கதவு மறைக்கிற இடத்துல மட்டும் உங்க பேச்ச மீறினேன். மிச்சத்துக்குத் துணிச்சல் வரல. அது என் தப்பு. உங்க பையில இருந்த அறிக்கையப் பாத்துட்டு, அதுல என் பேரு இருக்குன்னு தங்கச்சி அழுதா. இருக்கட்டும், நீங்க பெரிய உத்தியோகத்துல இருக்கறவரு."

வைதிருந்தால் தாங்கியிருக்கலாம். இந்தப் பெருந்தன்மையை எந்தத் தோளில் சுமப்பது?

குழுவின் முன்னே பொறியாளர் பையைத் திறக்கவில்லை. எழுந்து நின்றார். சிமெண்ட் தம்முடைய உத்தரவு என்றார். தடுத்தவர் கொத்தனார் என்றார். நான்கு முழச் சுவரே சாட்சி, வந்து பாருங்கள் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம், விடவில்லை. இருபது பேர் முன்னிலையில் சொன்ன அந்தப் புத்தகப் பேச்சையும் ஓர் எழுத்து குறையாமல் திருப்பிச் சொன்னார்.

யாராவது சிரித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி நாற்காலியில் மச்சான் குனிந்து, நகத்திடையே ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.