மூன்றாவது கியர் விழாத வண்டி

காரைப் புருஷன் முத்துக்கண்ணன்தான் ஏதோ செய்துவிட்டான் என்பதில் அனுசியாவுக்குச் சந்தேகமே இல்லை. எப்படிச் செய்தான் என்பதுதான் பிடிபடவில்லை.

பத்தொன்பது வருடப் பழைய அந்தக் காரை அவள் கோதமங்கலத்திலிருந்து வாங்கி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஜீப் கவிழ்ந்ததில் இடது கணுக்காலில் தகடு வைத்த பிறகு அவளால் கிளட்ச் மிதிக்க முடியாது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி என்றதும், பழசானாலும் பரவாயில்லை என்று வாங்கிவிட்டாள். தினமும் காலையில் போடியிலிருந்து கிளம்பி, மலைப்பாதையில் மெட்டு ஏறி, கேரளப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில் சூப்பர்வைசர் வேலை. அங்கே பச்சைக் காயை உலர்த்தி எடுக்கும் இருபது பெண்களுக்கும் அவள்தான் சேச்சி. அவள் சொன்னால்தான் அடுப்பு எரியும், அவள் சொன்னால்தான் அணையும். வீட்டில் அவள் பேச்சுக்கு கேஸ் அடுப்புகூட அணைந்தது கிடையாது.

மூன்று மாதமாக வண்டி மக்கர் பண்ணியது. முதல் கியரில் ஒழுங்காகக் கிளம்பும். இரண்டாவதுக்கு மாறும்போது யாரோ பின்னாலிருந்து இடித்த மாதிரி ஒரு குலுக்கல். மூன்றாவதுக்கு மாற வேண்டிய இடத்தில் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது.

போன வாரம் மாமியார் முன்னாலேயே சண்டை முற்றியது.

"இந்தக் கட்டவண்டிய வச்சிக்கிட்டு மலையில எங்கயாச்சும் நின்னுட்டீன்னா யாரு வர்றது? கீழயே என் சித்தப்பா மகன் கடையில காய் தரம் பிரிக்கிற சோலி இருக்கு. உக்காந்த எடத்துல பாக்கலாம்" என்றான் முத்துக்கண்ணன்.

ஆத்திரத்தில் அவளும் வாயை விட்டாள். "சோணை அண்ணன் வண்டியப் பாத்துட்டு ஆகாதுன்னு சொல்லட்டும். அன்னைக்கே மேல போறத விட்டுர்றேன்."

சொன்ன மறுநிமிடம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சோணை ஆட்டோமேட்டிக் வண்டிகளைக் கொச்சியில் எட்டு வருடம் பிரித்து மேய்ந்த மெக்கானிக்தான், போடியில் வேறு ஆள் கிடையாது. ஆனால் முத்துக்கண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு தலையசைப்பில் அவள் வேலைக்கு உலை வைத்துவிடலாம்.

சந்தேகப்படக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துக்கண்ணன் கார் பானட்டைத் திறந்து, கியர்ப் பெட்டியின் ஆயில் அளக்கும் கம்பியை உருவி, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பச் செருகியதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஜீப் ஓட்டுகிறவனுக்குக் காரில் என்ன வேலை? அன்றே பானட் இடுக்கில் யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்தாள். திறந்தால் பொட்டு பிய்ந்துவிடும். நான்கு வாரமாகியும் பொட்டு பிய்யவில்லை. புருஷன் நல்லவன் என்று அவள் நினைக்கவில்லை, பொட்டை எடுத்துத் திரும்ப ஒட்டுகிற அளவுக்குக் கெட்டிக்காரன் என்று நினைத்தாள்.

முந்தல் ரோட்டில் இருக்கும் சோணையின் பட்டறைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். புருஷனைத் தனியாகப் போகவிட அவள் தயாராக இல்லை.

சோணை எஞ்சினைச் சூடாக்கி, ஓடவிட்டபடியே கியர்க் கம்பை ஒவ்வொரு இடத்துக்கும் நகர்த்தி நிறுத்தினான். பிறகு ஆயில் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தான். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கடுங்காப்பி மாதிரி வந்தது. முகர்ந்தான். கருகல் வாடை அவள் நின்ற இடம்வரை அடித்தது. சோணை நிமிர்ந்து முத்துக்கண்ணனை ஒரு பார்வை பார்த்தான். முத்துக்கண்ணன் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தான்.

அனுசியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள்.

"யாராச்சும் உள்ள கை வச்சிருக்காங்களா அண்ணே?" என்று நேராகவே கேட்டாள்.

சோணை வயர்களை இழுத்துப் பார்த்தான், வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தான், கம்ப்யூட்டர் பெட்டியைச் சொருகிச் சோதித்தான். "இல்ல தங்கச்சி. நட்டுல ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. கரண்டு பக்கமும் சுத்தமா இருக்கு."

"பெறகு எப்படிக் கருகும்?"

"அதத்தான் பாக்கணும். நீயே ஓட்டு. தெனமும் எப்படி ஓட்டுவியோ, அதே மாதிரி ஓட்டு. நான் பக்கத்துல உக்கார்றேன்."

முத்துக்கண்ணன் பின்சீட்டில் ஏறினான். முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கின. இரண்டாவது குலுக்கியது, மூன்றாவது விழவில்லை, எஞ்சின் கத்தியது. சோணை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தான். நாலாவது வளைவில் திருப்பச் சொன்னான். இறங்கும்போது அவள் கண் முழுக்கக் கண்ணாடியில் தெரிந்த புருஷன் முகத்தின் மேலேயே இருந்தது. எந்த நேரத்தில் இவன் சோணைக்குச் சைகை காட்டுவான்?

"கைய எடுக்காத" என்றான் சோணை. மெதுவாகத்தான் சொன்னான்.

அவள் குனிந்து பார்த்தாள். இடது கை கியர்க் கம்பின் மேல் இருந்தது. கம்பு நியூட்ரலில் இருந்தது. எப்போது தள்ளினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"தெனமும் இப்படித்தானா?"

"எறக்கத்துல எல்லாரும் இப்படித்தான அண்ணே ஓட்டுறாங்க."

போடியில் ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். இறக்கத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை, டீசலாவது மிஞ்சட்டும் என்று நியூட்ரலில் உருட்டிவிடுவார்கள். கல்யாணமான புதிதில் முத்துக்கண்ணன் தன் ஜீப்பில் அவளுக்கு வண்டி பழக்கியபோது முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

"ஜீப்புக்கு அது பெருசா ஒண்ணும் பண்ணாது" என்றான் சோணை. "இந்தக் கியர்ப் பெட்டிக்குள்ள தகடு தகடா இருக்கும். நியூட்ரல்ல உருட்டுனா எண்ணெ ஓட்டம் பத்தாது. ஓடுற வேகத்துல திருப்பிக் கியர்ல போடுறப்பல்லாம் தகடு ஒரசித் தேயும். ஒன்றர வருசம் தேஞ்சிருக்கு."

அனுசியாவுக்குக் காது சுட்டது. கெடுத்தது அவள் கைதான். பொட்டு ஒட்டிக் காவல் காத்ததை நினைத்தபோது ஓடும் வண்டியிலிருந்து இறங்கிவிடலாம்போல வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் சோணை பின்னால் திரும்பினான். "ஏன் மாப்ளே, ஆடி மாசமே சொன்னேன்ல? நீதான வந்து கேட்ட, இவ எறக்கத்துல நியூட்ரல்ல விடுறாளே, ஆகுமான்னு. பெட்டி கருகிரும், வெரசாச் சொல்லி நிப்பாட்டுன்னேன். தங்கச்சிட்ட சொல்லலையா?"

பின்சீட்டில் முத்துக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் பிரேக்கை அழுத்தி வண்டியை ஓரம் கட்டினாள். ஆடியிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் மலைக்கோயிலுக்கும் அவன், இப்போது சோணை இருக்கும் இதே முன்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறான். அவள் கை கம்பைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். எவ்வளவு கருகியிருக்கிறது என்று முகர்ந்தும் பார்த்திருக்கிறான்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"அந்தக் கால வச்சிக்கிட்டு நீ படுற பாட்டப் பாத்துட்டு..." என்று இழுத்தான். பிறகு, "வண்டி தானா நின்னுட்டா நீயும் கீழயே இருந்துருவேன்னு நெனச்சேன்" என்றான்.

அவன் பொய் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் சோணை பக்கம் திரும்பினாள். "ஆகுமா, ஆகாதாண்ணே?"

சோணை நண்பனைப் பார்க்கவில்லை. "ஆகும். பெட்டிய எறக்கி மதுரைக்கு அனுப்பணும். மூணு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் நான் ஜீப்புல கொண்டு போய் விடுறேன்" என்றான் முத்துக்கண்ணன், அவசரமாக.

அனுசியா கம்பை டிரைவில் போட்டுக் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தாள்.

"பஸ்சு இருக்கு" என்றாள். "கால் வீங்குனாலும் நின்னுக்கிட்டே போய்க்கிறேன். உங்க பக்கத்துல உக்காந்து வர எனக்குப் பயமா இருக்கு."