கடற்பன்றியின் ஞானஸ்நானம்

மரியநாயகம் கொழும்புக்குப் போனது பல் பிடுங்க. தெஹிவளையில் மிருகக்காட்சிச்சாலையைப் பார்த்துவிட்டு, பல்லோடு திரும்பி வந்தார். வந்த கிழமையே எங்கள் ஊர் மாம்புரியில் தமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். அவருக்குத் தென்னந்தோட்டம் இருந்தது, கடல்நீர் புகுந்து நிற்கும் களப்பின் கரை இருந்தது. தடுக்கக்கூடிய மனைவியோ பிள்ளையோ இல்லை.

கூடுகளுக்குப் பலகை எழுதுவது என் வேலை. கொழும்பில் கல்லூரியில் படித்துவிட்டு ஊர்ப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வைகாசியில் என் மனைவி யூஜீனியா காய்ச்சலில் இறந்தாள். பிறகு பாடசாலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். மிருகங்கள் கேட்பதில்லை. ஊரில் எழுத்து வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை. அவளுடைய கல்லறைச் சிலுவையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

"மாஸ்டர், பலகை இருந்தாத்தான் அது மிருகம். இல்லாட்டி சாப்பாடு" என்று மரியநாயகம் முதல் நாளே விளக்கினார். தோட்டத்தில் ஆடும் கோழியும் பலகையில்லாமல் திரிந்தன.

ஆடியில் தலவில அன்னம்மாள் திருநாளுக்குப் போகிற வண்டிகள் எங்கள் வாசலில் நிற்கும். கச்சான் காற்று மணலை அள்ளி எறிந்த காலம். சர்க்கஸ் ஒன்று கைவிட்ட சிறுத்தை, காற்றுக்கும் சனத்துக்கும் சேர்த்து முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. வந்தவர்கள் வாலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கழுதைக்கும் ஒரு கூடு இருந்தது. ஊர்க்காரருக்கு அது பெரிய அவமானம். வேலியைத் தின்னும்போது சும்மா பார்க்கிற கழுதையைக் காசு கொடுத்துப் பார்ப்பதா? ஆனால் கழுதையையே கண்டிராத கண்டிப் பக்கத்தார் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். "கழுதை. சொந்த ஊர் இதுதான்" என்று நான் எழுதியிருந்தேன். யாரை மனதில் வைத்து எழுதினேன் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள்.

ஐப்பசியில் மழை. முதலைக் கிடங்கு நிரம்பியது. முதலை வெளியே வந்து, குசினி வாசல்வரை போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. குசினிக்காரி அதைத் தன் சமையலைப் பற்றிய அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டாள். கரடி தூங்கியது. குரங்குகள் குளிருக்கு ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தன. அந்தக் கூட்டுப் பக்கம் நான் அந்த மாதம் போகவில்லை.

தையில் கடற்பன்றி வந்தது. மிருகங்களுக்குத் தீனி போடுகிற ஹயாத்து முகம்மது மிச்ச நேரத்தில் களப்பில் வலை போடுவார். அவருடைய வலையில் அகப்பட்டதைக் கரையோரம் இழுத்து வந்து, சுற்றிவரக் கம்பு நட்டு அடைத்தார்கள். எருமைக்கன்றின் உடம்பு, மீன் வால், வெற்றிலை துப்ப இடம் தேடுகிற கிழவரின் வாய். களப்புப் புல்லைத் தின்னும். யாரையும் ஒன்றும் செய்யாது. முஸ்லிம் ஊர்களில் அதற்கு ஆவுளியா என்று பெயர். எங்களவர்கள் கடற்பன்றி என்பார்கள். இரண்டு பெயரிலும் அதைத் தின்றிருக்கிறார்கள்.

பார்க்க வந்தவர்களுக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. பொறுமையாக நின்றால் ஒரு மூக்கு வரும். புஸ்ஸென்று ஒரு மூச்சு. பிறகு மறுபடியும் தண்ணீர்.

நான் உட்கார ஒரு கதிரையைக் கொண்டுபோய் அங்கே போட்டுக்கொண்டேன். அது மனிதர் விடுகிற மூச்சுப் போலவே இருந்தது. ஒன்று முடிந்தால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். யூஜீனியாவின் கட்டிலருகிலும் அப்படித்தான் இருந்தேன். அங்கே ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. இங்கே ஒவ்வொரு முறையும் வந்தது. அவ்வளவுதான். இதில் வேறு தத்துவம் இல்லை.

மாசி முடிவில் மரியநாயகம் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாஸ்டர், இது மூக்கை மட்டும் காட்டுது. மூக்குக்கு ஆரு காசு தருவான்? அன்னம்மாளிட பங்குனித் திருநாளுக்கு வெட்டிச் சமைச்சு, வாறவங்களுக்குக் குடுப்பம்."

"தவக்காலம், ஐயா. சுத்தபோசனம். இறைச்சி ஏலாது, மீன்தான்."

"ஆரு இறைச்சி எண்டு சொன்னது? தண்ணிக்குள்ள கிடக்கிறது மீன். சுவாமியாரைக் கேட்டாச்சு."

பங்குச் சுவாமியார் வெள்ளைக்காரர். கற்பிட்டியில் யாரோ கொடுத்த கடற்பன்றிக் கருவாட்டை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியவர். நீரில் வாழ்வது மீன் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். தவளையைப் பற்றி ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

"நீர் ஒரு பலகை எழுதும்" என்றார் மரியநாயகம். "பெரிய மீன் எண்டு. சனம் சந்தேகமில்லாமச் சாப்பிடட்டும்."

எழுதினேன். "கடற்பன்றி. மீன் அல்ல, மிருகம். குட்டி ஈன்று முலைப்பால் கொடுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பெண்கள் அதை உரக்க வாசித்தார்கள். கடைசிச் சொற்களை இரண்டு தரம் வாசித்தார்கள்.

"எந்த மீனடி பிள்ளைக்குப் பால் குடுக்குது?"

"தவக்காலத்தில இதைத் தின்னுறதுக்கு ஆட்டையே தின்னலாமே!"

சுவாமியார் என்னைத் தனியாக அழைத்தார். அவருடைய தமிழ் புத்தகத் தமிழ்.

"மாஸ்டர், இதை எழுதும்படி உம்மை யார் கேட்டார்?"

"புத்தகத்தில் இருக்கிறது, சுவாமி."

"எந்தப் புத்தகத்தில்?"

"விலங்கியலில்."

"ஞானோபதேசத்தில் இல்லையே" என்றார். அவருக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

பங்குனித் திருநாளுக்கு ஒருவரும் அதைத் தொடமாட்டோம் என்றார்கள். மரியநாயகம் முஸ்லிம் ஊரான கனமூலைக்கு ஆள் அனுப்பினார். அங்கிருந்து அத்தாஉல்லா என்ற இறைச்சி வியாபாரி மாட்டுவண்டியோடு வந்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார்.

"முதலாளி, இதுல என்ன எழுதி இரிக்கி?"

"அது மாஸ்டர்ட பைத்தியம், அத்தாஉல்லா நானா. இது உங்கட ஆவுளியாதான்."

"ஆவுளியாவெண்டா நான் எடுப்பேன். இதுல பண்டியெண்டு எழுதி இரிக்கே."

"ரெண்டும் ஒண்டுதானே!"

"எனக்குத் தெரியும். என்னட்ட வாங்கிறவங்க போன கிழமை இஞ்ச வந்து இதை வாசிச்சிட்டுப் போயிரிக்காங்க. அவங்கட வாய்க்குள்ள நான் பண்டியை வைக்கவா?"

வண்டி வெறுமையாகத் திரும்பியது. ஹயாத்து முகம்மது புல்லுக் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரே பலகையில ரெண்டு மார்க்கத்தையும் பட்டினி போட்டுட்டீங்க, மாஸ்டர்."

நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன். அது ஒரு பின்னேரம்கூட நிலைக்கவில்லை. மரியநாயகம் பலகை முன்னால் நின்று நாடியைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது.

"பாஸ்கு வரட்டும். தவக்காலம் முடிஞ்சா எங்கட ஆக்கள் மிருகமும் தின்னலாம், பன்றியும் தின்னலாம். நீர்தானே வடிவா எழுதிப் போட்டிருக்கிறீர்."

என் பலகை சமையல் குறிப்பாகிவிட்டது.

பெரிய வெள்ளி வந்தது. கடற்பன்றி புல் தின்றது, மூச்சு விட்டது. கம்புகளைப் பிடுங்கி விட்டால் என்ன என்று யோசித்தேன். காவல் ஹயாத்துவுடையது. பழி அவர்மேல் விழும். எனக்குத் தெரிந்த தொழில் எழுத்து ஒன்றுதான். மறுநாள், பெரிய சனி பின்னேரம், சிவப்பு மையை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பலகையின் அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்.

"பெயர்: யூஜீனியா."

அவள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அவளுடைய அம்மா சிரிக்கமாட்டார் என்றும் தெரியும்.

பாஸ்குப் பூசை முடிந்து ஊர் முழுவதும் களப்புக் கரைக்கு வந்தது. பெண்கள் சட்டி கொண்டுவந்தார்கள். ஒருத்தி கறித்தூளையே கொண்டுவந்திருந்தாள். ஊரில் ஆடு வெட்டுகிற பஸ்தியான் கத்தியோடு முன்னால் வந்தான். பலகையைப் படித்தான். நின்றுவிட்டான். யூஜீனியாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

"இது ஆரு எழுதினது?" என்றான். கேட்க வேண்டிய கேள்வியே இல்லை.

சுவாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஞானஸ்நானப் பெயரை ஒரு பன்றிக்கு இட்டீரா?"

"மீன் என்றீர்களே, சுவாமி."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அந்த நேரம் பாக்கியம்மா மாமி வந்தார், யூஜீனியாவின் தாய். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. யாரோ காதில் வாசித்தார்கள். நேரே வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"என்ட பிள்ளையிட சிலுவை இன்னும் மொட்டையா நிக்குது. அதுல எழுத உனக்குக் கை வரேல்ல. இதுல எழுத வந்திட்டுதோ?"

"எனக்கு வேற பெயர் தெரியாது, மாமி."

நான் சொன்னது அவ்வளவுதான். மாமி சட்டையை விடவில்லை. தண்ணீரில் மூக்கு மேலே வந்தது. புஸ்ஸென்று நீண்ட மூச்சு. மாமி திரும்பிப் பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டார். அடுத்த மூச்சு வரும்வரை கண்ணை எடுக்கவில்லை. அது வந்தது.

"மூக்கு அவளிட இல்ல" என்றார் கடைசியில். "தகப்பன்ட மூக்கு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. பஸ்தியானின் பக்கம் திரும்பினார்.

"கத்தியை உள்ள வையடா. என்ட பிள்ளையிட பேரைச் சொல்லி எவனாவது கறி கேட்டா, உலக்கையாலதான் பரிமாறுவன். மரியநாயகம், உனக்கும் சேத்துத்தான் சொல்லுறன்."

மரியநாயகம் சட்டிகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மாமியின் கையைப் பார்த்தார்.

"இனி இதை வெட்டவும் ஏலாது, வைச்சிருக்கவும் ஏலாது. ஹயாத்து, கம்பைப் பிடுங்கு." பிறகு என்னிடம்: "அடுத்ததாக் கோழிக்கு உம்மட மாமியிட பேரை வைச்சிராதையும்."

அன்று சட்டிகளுக்குள் கோழிகளே போயின.

ஹயாத்து கம்புகளைப் பிடுங்கினார். கடற்பன்றி போகவில்லை. வேலி இருந்த இடம்வரை வந்து, பழக்கத்தில் திரும்பிப் போய்ப் புல் தின்றது. பொழுதுபடும்வரை அப்படியே. நான் எழுந்து வீட்டுக்குப் போனேன். காலையில் கதிரையில் வந்து இருந்தேன். காத்திருந்தேன். மூச்சு வரவில்லை. வெளியே எங்கேயோ விட்டிருக்கும்.

அந்தக் கிழமை சிலுவையை எழுதினேன். மாமி பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். எழுத்துக் கோணல் என்றார். இரண்டு தரம் அழித்து எழுத வைத்தார்.

மறுபடி ஆடி. மறுபடி கச்சான். களப்புக் கரைப் பலகையைக் கழற்றச் சொல்லி மரியநாயகம் சொல்லவில்லை. கழற்ற நானும் போகவில்லை. சிலாபத்திலிருந்து திருநாளுக்குப் போகிற ஒருவர், மனைவி பிள்ளைகளோடு வந்து வெறும் தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல யூஜீனியா எண்டு போட்டிருக்கு. எங்க ஆள்?"

"போயிட்டா" என்றேன்.

அந்தச் சொல்லை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"எப்ப?"

"போன வருஷம்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பிள்ளைகளைப் பார்த்தாள்.

"அப்ப எங்கட காசு?"

அவர்களைச் சிறுத்தையிடம் கூட்டிக்கொண்டு போனேன். அது முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.