எல்லோருக்கும் ஆறு இன்ச்

செஞ்சி கடைத்தெருவில் அம்மா ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். அவள் பெயரிலேயே முன்னி டெய்லர்ஸ். இருப்பது நீ ஒருத்திதானே, பன்மை எதற்கு என்று கேட்டால் முறைப்பாள்.

அளவு நோட்டை எலி கடித்துவிட்ட பிறகு, மிச்சமிருந்த அளவுகளை ஏற்றி வைக்க ஒரு வெப்சைட் செய்துகொடுத்தேன். வீடியோ பார்த்துக் கற்ற வித்தைதான். ஆனாலும் "எம் பொண்ணு அப்ஸானா செஞ்சது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பெருமைக்கு நானே வேட்டு வைத்தேன். பக்கத்துக் கிராமத்துச் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை தேர்த் திருவிழா. பாட்டுக் குழுப் பெண்கள் பதினெட்டுப் பேருக்கும் ஒரே நீலத்தில் ஜாக்கெட். துணியை ஆளுக்கு ஒரு மீட்டராக வெட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றைத் தப்பாக வெட்டினால் அந்த நீலத்துக்கு எங்கே போவது?

புதன்கிழமை அம்மா, "கைன்னு ஒரே கட்டம் வெச்சிருக்கியே, நீளத்த எழுதறதா, சுத்தளவ எழுதறதா?" என்றாள். நியாயமான கேள்வி. 'கை' என்ற கட்டத்தை 'கை நீளம்' என்று மாற்ற உட்கார்ந்தேன்.

புரோகிராம் கோடில் பெயரை மாற்றினால் போதாது. அளவுகள் இருக்கும் அட்டவணையும் மாறவேண்டும். அதற்கான படிகளை, வெப்சைட் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்கே ஒரு சின்ன ஃபைலாக எழுதித் தரும். மைக்ரேஷன் என்பார்கள். எழுதச் சொல்வதற்கு ஒரு கட்டளை, எழுதியபடி செய்யச் சொல்வதற்கு இன்னொன்று. ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு கட்டளை என்று எனக்குப் புரியவில்லை. நடுவில் படித்துப் பார்ப்பதற்காம். நான் எங்கே படித்தேன்!

முதல் கட்டளை கொடுத்ததும் ஒரு கேள்வி வந்தது: 'கை'யைத்தான் 'கை நீளம்' என்று மாற்றினாயா? எண்டர் தட்டினேன். ஆன்லைன் விண்ணப்பம் போடும் கடையில் ஒரு வருடம் இருந்தவள் நான். வாசலில் கூட்டம் நிற்கும். எது கேட்டாலும் எண்டர்தான். இங்கே வெறும் எண்டர் தட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாது.

அடுத்து, பழைய ஆட்களுக்கு இந்தக் கட்டத்தில் எதை நிரப்பட்டும் என்று கேட்டது. பெயர்தானே மாறுகிறது, நிரப்ப என்ன இருக்கிறது என்று ஒரு நொடி உறுத்தியது. ஏதோ சம்பிரதாயத்துக்குக் கேட்கிறது என்று நினைத்து, ஆறு என்று அடித்துவிட்டேன். கையோடு இரண்டாவது கட்டளையையும் கொடுத்தேன்.

மறுநாள் காலை பாட்டுக் குழுப் பெண்களின் அளவுகளை நான் படிக்கப் படிக்க, அம்மா துணியில் சாக்பீஸ் கோடு போட்டாள்.

"பவுனம்மாள், கை ஆறு. எஸ்தர், ஆறு. அமலா, ஆறு."

சாக்பீஸ் நின்றது. "அமலாவுக்கு ஆறா? இன்னாடி சொல்ற? அது முழங்கைக்குக் கீழ எறக்கித் தெச்சிக்கிற பொண்ணு. பதினாறு."

பதினெட்டுப் பேரின் கட்டத்தையும் பார்த்தேன். எல்லோருக்கும் ஆறு.

அப்போதுதான் அந்த ஃபைலைத் திறந்து படித்தேன். இரண்டே படிகள். 'கை'யை நீக்கு. 'கை நீளம்' புதிதாகச் சேர், ஆறால் நிரப்பு. எவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறது! பின்னால் போகவும் கட்டளை உண்டு, அதையும் கொடுத்துப் பார்த்தேன். எரர் அடித்து நின்றது. நீக்கிய கட்டத்தை மறுபடி உண்டாக்க அதற்குத் தெரியும். உள்ளே இருந்த எண்களுக்கு அது எங்கே போகும்? நகலும் நான் எடுத்து வைக்கவில்லை. எலி கடித்த நோட்டும் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

அம்மா திட்டுவாள் என்று நின்றேன். "டேப்ப எடு, கெளம்பு" என்றாள். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ் கூட்டத்தில் நசுங்கி, பாதி வழியில் அந்தக் கிராமத்தில் இறங்கினோம். சர்ச் வளாகத்தில் பாட்டு ஒத்திகை. நான் விஷயத்தைச் சொன்னதும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா ஒவ்வொருவராக அளக்க, நான் போனில் திருத்தினேன். ஐந்தரை, ஏழு, எட்டு. அமலா அக்கா கடைசியில் வந்தார்.

"எனக்கும் ஆறுன்னா போட்டுச்சு?"

"ஆமாக்கா. மன்னிச்சிருங்க."

"ஆறுன்னா எது வரிக்கும் வரும்?"

அம்மா தோளிலிருந்து டேப்பைப் பிடித்துக் காட்டினாள். அமலா அக்கா தன் நீளக் கையைச் சுருட்டி அதுவரை ஏற்றினார். முழங்கையைச் சுற்றிக் கொதிக்கும் கஞ்சி கொட்டிய பழைய தழும்பு.

"ஒம்பது வருசமா பதினாறுதான். நோட்டுல இருக்குதுன்னு நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னு பாடணும் முன்னிக்கா. ஆறே வையுங்க."

"நெஜமாவா சொல்ற?"

"வையுங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டேப்பைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

நான் போனைப் பார்த்தேன். யோசிக்காமல் நான் அடித்த அந்த ஆறு மற்ற பதினேழு பேரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. அமலா அக்காவின் கட்டத்தில் ஏற்கெனவே ஆறு இருந்தது. திருத்த வேண்டியதே இல்லை. ஆனாலும் அதை அழித்துவிட்டு, அவர் பெயரை ஒருமுறை படித்துவிட்டு, மறுபடி ஆறு என்று அடித்தேன்.