இரண்டாம் களத்தின் வெள்ளைப் பந்து

1974 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, ஹெல்லன்பெக் டென்னிஸ் சங்கத்தின் இரண்டாம் களத்தில் அல்முட் பிரிங்க்மான் தூக்கி அடித்த பந்து கீழே வரவில்லை. பந்தின் நிறம் வெள்ளை. அப்போது அந்த ஊரில் எல்லாப் பந்தும் வெள்ளைதான். அல்முட்டுக்கு வயது பதினான்கு. எதிரே நின்றவர் கெர்லிண்டே டாப்பே, இறைச்சிக்கடைக்காரரின் மனைவி, முப்பத்தாறு வயது, சங்கத்தின் பெண்கள் பட்டத்தைத் தொடர்ந்து எட்டு ஆண்டு விடாமல் வைத்திருந்தவர். ஒன்பதாவதையும் வென்றுவிட்டால் சங்கத்தில் அதுவரை யாரும் தொடாத சாதனை. ஆனால் அந்த ஒரு பந்து கெர்லிண்டேயின் தலையைத் தாண்டிப் பின்கோட்டுக்குள் விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, பட்டம் அல்முட்டுக்கு. கெர்லிண்டே திரும்பி ஓட முதல் அடி எடுத்துவைத்தார். பிறகு நின்றுவிட்டார். சுற்றி நின்ற நாற்பத்தொரு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். நாற்பத்து மூன்று பேர் என்று சொல்பவர்களும் உண்டு. பிளம் கேக்கில் குளவி மொய்த்தது, ஓட்டுவாரில்லை.

"ஏய் சின்னப்பொண்ணு, எங்கடி அடிச்சே?" என்றார் கெர்லிண்டே.

"மேலதாங்க அடிச்சேன்."

"மேலன்னா எவ்ளோ மேல? ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ளயாவது வந்துருமா?"

வரவில்லை. புதன்கிழமை சங்கத்தின் செயற்குழு கூடியது. விளையாட்டுப் பொறுப்பாளர் எபர்ஹார்ட் குளொக்கே விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டு, பந்து தரையில் படும்வரை ஆட்டம் நடந்துகொண்டிருப்பதாகவே பொருள், வேறு வழியில்லை என்றார். மறு ஆட்டம் வைக்கலாம் என்று கேட்டவர்கள் வாக்கெடுப்பில் தோற்றார்கள். சங்கக் கட்டடத்தின் மரப்பலகையில் 1974க்கு நேரே இடம் காலியாக விடப்பட்டது. செம்மண் களத்தில் ஆடி முடித்தவர் வலைப்பாயை இழுத்துத் தரையைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்பது அங்கே சட்டம். செய்யாமல் போனவர் ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். ஆனால் இந்த ஆட்டம் முடியவில்லையே. ஆகவே இரண்டாம் களத்தை யாரும் இழுக்கவில்லை, கயிறு கட்டி மூடினார்கள். இருவரின் காலடித் தடங்களும் அப்படியே இருந்தன. மழையும் பனியும் அவற்றைத் தொடவில்லை. ஒவ்வொரு உறுப்பினரும் ஆண்டுக்கு ஐந்து மணி நேரம் சங்கத்துக்கு உடலுழைப்பு தர வேண்டும் என்பது வழக்கம். முதுகுவலிக்காரர்களுக்கு வானத்தைப் பார்க்கும் வேலை ஒதுக்கப்பட்டது. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் அது பாதி நேரமாகத்தான் கணக்கில் சேர்ந்தது.

அல்முட் உலகம் சுற்றப் போனாள். பதினெட்டு வயதில் ஹாம்பர்க்கில் வென்றாள், இருபதில் ரோமில், இருபத்து மூன்றில் மறுபடி ரோமில். அவள் மட்டையைத் தாழ்த்திப் பந்தைத் தூக்கத் தயாரானாலே எதிராளிகள் வானத்தைப் பார்த்தார்கள், இதுவும் இறங்காமல் போய்விடுமோ என்று. அதனால் வலைக்கு அருகே வரவே பயந்து பின்னாலேயே நின்று தோற்றார்கள். மொத்தம் பதினொரு பட்டங்கள், உலக வரிசையில் நான்காவது இடம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், பணியாளரின் கையிலிருந்து வலைப்பாயை வாங்கிக் களத்தைத் தானே இழுத்துவிட்டுத்தான் அவள் குளிக்கப் போவாள். ரோமில் எட்டாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். லண்டன் புல்தரையில் இழுக்க எதுவும் இல்லாமல் கால்மணி நேரம் தவித்தாள். டல்லாஸில் கம்பளம் விரித்த உள்ளரங்கில், விடுதியிலிருந்து கொண்டுவந்த குளியல் துண்டை மூலைக்கு மூலை இழுத்தாள். அமெரிக்கர்கள் அதை ஜெர்மானியப் பிரார்த்தனை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். அது பிரார்த்தனை இல்லை. வீட்டில் ஒரு களத்தை இழுக்காமல் விட்டு வந்தவளுக்கு வேறு எதையும் அப்படி விட்டுப்போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். தொலைக்காட்சியில் உங்களுடைய மிகப் பெரிய வெற்றி எது என்று கேட்டபோது, "அது இன்னும் முடியலைங்க" என்றாள். பணிவு என்று பத்திரிகைகள் எழுதின.

முப்பத்திரண்டு வயதில் இடது முழங்கால் இனி முடியாது என்றது. அவள் ஹெல்லன்பெக்குக்குத் திரும்பி, பூச்செடிப் பண்ணை ஒன்றை வாங்கினாள். பதினொரு கோப்பைகளிலும் ஜெரானியம் நட்டாள். ஞாயிறுதோறும் சங்கத்துக்கு வந்து, காலி இடத்துக்கு நேர் கீழே இருக்கும் மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். 1974க்குப் பிறகு கெர்லிண்டேயும் எந்தப் பட்டத்தையும் வெல்லவில்லை. எட்டிலேயே நின்றார்.

2006ஆம் ஆண்டு, இடுப்பு எலும்பை மாற்றியிருந்த கெர்லிண்டேக்கு வானம் பார்க்கும் வேலை கிடைத்தது. இரண்டாவது நாளே களத்தில் ஒரு நிழலைக் கண்டார். கொட்டைப்பாக்கு அளவு, வெளிறியது, பின்கோட்டின் அருகே. வானத்தில் ஒரு பறவைகூட இல்லை. ஆண்டுக்கு ஆண்டு நிழல் கறுத்தது. காலையில் கோட்டுக்கு வெளியே இருக்கும், மாலையில் உள்ளே வரும். பந்து கோட்டுக்கு உள்ளே விழுமா வெளியே விழுமா என்று ஊரே பொரித்த தொத்திறைச்சி பந்தயம் கட்டியது. வெளியே என்று கட்டியவர்களே அதிகம், ஏனென்றால் அங்கே நடுவர் வைத்து ஆடுவதில்லை. தன் பக்கம் விழுந்த பந்தின் தடத்தைப் பார்த்து, உள்ளே வெளியே என்று சொல்லும் உரிமை அந்தப் பக்கம் ஆடுபவருக்கு மட்டும்தான். எதிராளி வலையைத் தாண்டிப் போய்ப் பார்ப்பது பெரிய அவமரியாதை. கெர்லிண்டேயோ கோட்டின் நடுவில் விழுந்த பந்தையும் கூசாமல் வெளியே என்பவர். சங்கத்தின் குறிப்பேட்டில் அப்படி எழுதவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

2012 செப்டம்பர் 16, ஞாயிறு, காலையிலிருந்தே நிழல் மை போலக் கறுத்திருந்தது. எண்பத்தொன்பது வயதுக் குளொக்கே சக்கர நாற்காலியில் வந்து கயிற்றை அவிழ்த்தார். அல்முட் தன் பழைய தடங்களில் நிற்கப் பார்த்தாள். பதினான்கு வயதுக் கால் அளவு அவளுக்குப் பொருந்தவில்லை, பக்கத்தில் நின்றாள். கெர்லிண்டே இடக்கையில் ஊன்றுகோலும் வலக்கையில் மரமட்டையுமாகத் தன் தடத்தில் சரியாகப் பொருந்தினார்.

"பார்த்து நில்லுங்க டாப்பே அம்மா, தலையில விழுந்துடப் போவுது" என்று யாரோ வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார்கள்.

"விழுந்தா உன் மாமனார் தலையில விழட்டும். வாய மூடு!"

நான்கு மணி பத்துக்குப் பந்து வந்தது. வெள்ளையாக, உறைபனி பூத்து, நேற்றுத்தான் அடித்தது போன்ற வேகத்தில், கெர்லிண்டேயின் தலையைத் தாண்டிப் போய்ப் பின்கோட்டருகே விழுந்து, ஒருமுறை எழும்பி, வேலியில் மோதி நின்றது. கெர்லிண்டே திரும்பினார். பதினொரு அடி நடக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆனது. அல்முட் வலைக்கு இப்பால் அசையாமல் நின்றாள். மாற்று இடுப்பு வளையாததால் கெர்லிண்டே மண்டியிட்டார். அவர் மண்டியிட்டு அந்த ஊர் தேவாலயத்தில்கூடப் பார்த்ததில்லை. தடத்தைச் சுற்றி விரலால் வட்டம் போட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"கோட்ட உரசியிருக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "உள்ளதான்."

கெர்லிண்டே நிமிர்ந்து அல்முட்டைப் பார்த்தார்.

"எழுவத்தி நாலுலயே விழுந்திருந்தா வெளியன்னுதான் சொல்லியிருப்பேன், சின்னப்பொண்ணு. அது தெரிஞ்சுதான் அந்தப் பந்து இவ்ளோ நேரம் எடுத்துக்கிச்சு போல."

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தைப் பக்கத்து ஊரில் இடி என்று நினைத்துத் துணிகளை எடுத்தார்கள். அல்முட் ஓடினாள்; முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. கெர்லிண்டேயைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். வலைக்கு அருகே கைகுலுக்கும்போது கெர்லிண்டே, "இனிமே என்னை நீங்க வாங்கன்னு கூப்பிடாத. கெர்லிண்டேன்னு கூப்பிடு" என்றார்.

"சரி கெர்லிண்டே. பீர் உன் செலவு."

"களத்த இழுக்காமப் போனது நீ. முப்பத்தெட்டு வருஷம்! பெட்டி நீதான் வாங்கணும்."

அல்முட் வலைப்பாயைத் தோளில் போட்டு, வெளி மூலையிலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி இழுத்தாள். பெரிய தடங்களும் சின்னத் தடங்களும் மறைந்தன. கடைசியாகப் பந்து விழுந்த வட்டத்தின் அருகே நின்று, ஒருமுறை பார்த்துவிட்டு, அதையும் இழுத்தாள். தண்ணீர் தெளித்தாள். திங்கட்கிழமை பெயின்ட் அடிப்பவர் வந்து 1974க்கு நேரே அவள் பெயரை எழுதினார். பந்து சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அது இன்றுவரை சூடேறவில்லை. கண்ணாடியில் பனி படிந்துகொண்டே இருப்பதால் சனிக்கிழமைதோறும் யாராவது துடைக்க வேண்டியிருக்கிறது. நின்றுகொண்டு செய்யும் வேலை என்பதால் அது முழு நேரமாகவே கணக்கில் சேர்கிறது.