நாற்பத்தொன்றாம் தண்டவாளம்

அந்த விரிசலுக்கு ஒன்பது வயது. பெற்ற மகளின் உயரத்தைக்கூட நான் அத்தனை ஒழுங்காக அளந்ததில்லை.

அரசாங்கத்தின் ரயில் ஆராய்ச்சி வளாகத்தில் எனக்கு வேலை. வளாகத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டப்பாதை. எங்கும் போய்ச் சேராத சரக்கு ரயில் ஒன்று, இரும்புக் கட்டிகளைச் சுமந்துகொண்டு அதில் நாள் முழுக்கச் சுற்றும். பாதையின் நாற்பத்தொன்றாம் தண்டவாளத்துக்குள்ளே ஒரு விரிசல். வேண்டுமென்றே விட்டுவைத்தது. திங்கள்தோறும் காலையில், ரயில் கிளம்புமுன், ஒலி அனுப்பி உள்ளே பார்க்கும் கருவியைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, விரிசல் எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதுவேன். விரிசல் கண்ட தண்டவாளம் எத்தனை நாளில் உடையும் என்று தெரிந்தால்தான், நாட்டிலுள்ள பாதைகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று சொல்ல முடியும். இப்போது ஆறு மாதம். அது போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேண்டும் என்பது என் கட்சி. முதல் எட்டரை வருடத்தில் நான்கு மில்லிமீட்டர் வளர்ந்த விரிசல், கடைசி ஆறு மாதத்தில் மட்டும் ஏழு வளர்ந்திருந்தது. உடைய இன்னும் சில வாரம்தான் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் சரக்கு ரயில் ஓட்டுகிறவர். "உன் மூத்த பிள்ளை எப்படி இருக்கு?" என்று திங்கள்தோறும் கேட்பார். "வளருது" என்பேன். "நல்லா வளர்த்து விடு. கடைசியில என் தலையிலதான் கை வைக்கும்" என்று சிரிப்பார்.

அப்போதுதான் வளாகத்தைத் தனியாரிடம் விட முடிவானது. நிலம், பாதை, எந்திரம் எல்லாம் அரசாங்கத்துடையதே. நடத்துவது மட்டும் பத்து வருடத்துக்கு ஒரு நிறுவனம். "வீடு நம்மளோடதுதான், சாவி மட்டும் அவங்க கையில" என்றார் இயக்குநர். சாவி போன பிறகு வீடு யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஒப்படைப்புப் படிவம் வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. வரிக்கு இரண்டு கட்டம்: நன்று, பழுது. வட்டப்பாதை என் பங்கு. நாற்பத்தொன்று வந்ததும் பேனா நின்றது. உள்ளே விரிசல் இருக்கும் தண்டவாளத்தை நன்று என்று எழுத மனம் வரவில்லை. பழுது என்று குறித்தேன். விளக்கம் எழுத இடமில்லை, நானும் தேடவில்லை. சோதனைக்கு விட்டது என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு வளையம் பூசிய தண்டவாளத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் வாயிற்காவலருக்குக்கூடத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே, ஒன்பது வருடத்தில் ஒருவரும் அதை எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. நானும்தான்.

முதல் தேதி நிறுவனம் வந்தது. அடுத்த திங்கள்கிழமை கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். நாற்பத்தொன்றின் இடத்தில் புத்தம் புதுத் தண்டவாளம் கிடந்தது.

நிறுவனத்தின் பாதை மேஸ்திரி சிரித்த முகத்தோடு வந்தார். "அக்கா, பழுதுன்னு போட்டதையெல்லாம் முப்பது நாளைக்குள்ள சரி பண்ணணும்னு ஒப்பந்தம். நாங்க மூணே நாள்ல முடிச்சிட்டோம்."

"பழைய தண்டவாளம் எங்கே?"

"கேஸ் வச்சுத் துண்டு துண்டா அறுத்து லாரியில ஏத்தியாச்சு. இந்நேரம் உருக்கியிருப்பாங்க."

நான் பாதை ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மேஸ்திரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். யாரைத் திட்டுவது? அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தேன்.

அத்தோடு போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மாதக் கடைசியில் புதிய மேலாளர் கூப்பிட்டுத் தன் அறிக்கையைக் காட்டினார். 'நாற்பத்தொன்றாம் தண்டவாளம்: விரிசலுடன் ஒன்பது ஆண்டுகள் ஓடியும் உடையவில்லை. அகற்றப்பட்டது.' சோதனையை வருடத்துக்கு ஒருமுறையாகக் குறைக்கலாமா என்று தலைமையகத்தில் ஒரு குழு அப்போது யோசித்துக்கொண்டிருந்தது. இந்த வரி அவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

"இப்படிப் போட்டா, விரிசல் இருந்தாலும் தாங்கும்னு ஆயிடும் சார்."

"உடையலதானே மேடம்? அதைத்தானே எழுதியிருக்கோம்."

"உடையறதுக்குள்ள எடுத்துட்டீங்களே!"

"பழுதுன்னு எழுதினது நீங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. "வரியை மாத்தணும்னா, படிவத்துல தப்பு நடந்துச்சுன்னு நீங்க கைப்பட எழுதித் தரணும். பழைய ஆளுங்களை மூணு மாசம் பார்த்துட்டுத்தான் வச்சுக்கிறோம். ஒப்படைப்புல தப்புன்னு உங்க பேர் வந்தா, திருப்பி அனுப்பச் சொல்லிடுவாங்க. யோசிச்சுக்குங்க."

திருப்பி அனுப்புவது என்றால் உபரிப் பட்டியல். அதில் ஏறியவர்கள் ஏதாவது ஒரு கிடங்கில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்; ஒன்றிரண்டு வருடத்தில் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எழுது என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எழுதாதே" என்றார். "பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு. தினம் லைன்ல வண்டி ஓட்டுறவன் நானே சொல்றேன், விட்டுடு."

"வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பாங்கன்னு ஆயிட்டா?"

"ஆனா ஆகட்டும். விதி முடிஞ்சவன் வீட்டுல படுத்திருந்தாலும் போவான்."

சொல்லிவிட்டு ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"எங்க லைன்ல அந்தப் பெரிய வளைவு இருக்கில்ல" என்றார், தரையைப் பார்த்தபடி. "அங்க சக்கரத்துல டக்குனு ஒரு சத்தம் வந்தா, உன் நாப்பத்தொண்ணுதான் ஞாபகம் வரும். ஆறு மாசத்துக்குள்ள யாராவது பார்த்திருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். கதவைக்கூடச் சாத்தாமல் உட்கார்ந்து எழுதினேன்.

'பழுது என்று குறித்தது நான். அது சோதனைக்காக வைத்திருந்த தண்டவாளம். அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. கடைசி ஆறு மாதத்தில் விரிசல் ஏழு மில்லிமீட்டர் வளர்ந்தது. உடையும் முன்பே எடுத்துவிட்டதால், அது தாங்கியது என்று யாரும் சொல்ல முடியாது.' மறுநாள் பதிவேட்டின் நகலையும் இணைத்து மேலாளரிடம் கொடுத்தேன்.

ஏழு வாரம் கழித்து அவர் ஸ்டேஷனிலிருந்து போன் செய்தார். "சுற்றறிக்கை வந்திருக்கு. பழையபடி ஆறு மாசமேதான்."

மூன்று மாதம் என்று நான் ஆசைப்பட்டதற்கு இனி அத்தாட்சி கிடையாது. இருந்ததாவது போகவில்லை.

"நீ எழுதிட்டியா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேங்க."

"சரி, வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.

என்னைத் திருப்பி அனுப்பும் உத்தரவும் அதே வாரம் வந்தது. கருவியை ஒப்படைக்கச் சொல்லி மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். ஒரே வரி, இரண்டு கட்டம். நன்று என்று குறித்தேன். பிறகு காகிதத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, எழுதினேன்: 'ஐம்பத்தெட்டாம் தண்டவாளத்தில் போன வாரம் அரை மில்லிமீட்டர் விரிசல் தெரிந்தது. மாற்ற வேண்டாம். திங்கள்தோறும் அளக்கவும்.'

மேலாளர் படித்தார். "இதுக்குக் கட்டம் இல்லையே மேடம்."

"இல்ல சார். அதனாலதான் ஓரத்துல எழுதியிருக்கேன்."

அவர் இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, அந்த ஓரத்திலேயே, என் எழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.