நான்கு வருடத் தவக்காலம்

என் புருசனின் முதல் மனைவி எங்கள் கராஜில், ஃபிரீசரின் அடியில் இருந்தாள். பதற வேண்டாம், ஆள் இல்லை. அவள் காய்ச்சி வைத்த ஆட்டிறைச்சிக் கறி. ஆனால் அந்த வீட்டுக்கு வாழ வந்த எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அஞ்சலீனா என்பது அவள் பெயர். 2004 ஈஸ்டர் சாப்பாட்டுக்கென்று பெரிய வியாழன் பகலில் அந்தக் கறியைக் காய்ச்சி, ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி ஃபிரீசரில் வைத்துவிட்டு மாலைப் பூசைக்குப் போயிருக்கிறாள். பூசை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் தலைக்குள் நரம்பு வெடித்து விழுந்தவள் பிறகு எழும்பவில்லை. பெரிய வெள்ளி காலையில் ஆள் இல்லை, டப்பா மட்டும் வைத்த இடத்தில் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து நான் லண்டன் நோர்பரிக்கு வந்தேன். முப்பத்தெட்டு வயதுவரை மாப்பிள்ளை அமையாத சைவக்காரிக்கு, மனைவியை இழந்த வேதக்காரர் ஒருவர் பொருந்தி வந்ததில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. பெனடிக்ற் நல்ல மனிதர், வாய்தான் திறக்கமாட்டார். முதல் நாள் பொயிலர் சுவிட்ச், குப்பை எடுக்கிற கிழமை எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். கடைசியில் ஃபிரீசரைத் திறந்து அடியில் கிடந்த வெள்ளை டப்பாவைக் காட்டி, அதை மட்டும் தொட வேண்டாம் என்றார். ஏன் என்று கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

அவருடைய மகள் மேனுஷாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் கராஜுக்குப் போய் ஃபிரீசர் மூடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். குளிருக்குள் ஏன் இருக்கிறாய் என்று கேட்டால் பேசாமல் இறங்கிப் போவாள். என்னை அவள் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

நான் டப்பாவைப் பார்க்காமல் மீன் எடுக்கப் பழகினேன். மூடியைச் சாத்திவிட்டுத் திரும்பி நடக்கையில் பிடரி கூசும். மார்ச் பிறந்தால், அடுப்பில் எதுவும் இல்லாத நேரத்திலும் கராஜுக்குள் வறுத்த மிளகாய்த்தூள் மணக்கும். ஒருநாள் பெனடிக்ற்றிடம் அதைச் சொன்னேன். தனக்கு வருடம் முழுக்க மணக்கிறது என்றார்.

பேயோடுகூடக் குடித்தனம் நடத்திவிடலாம். என்னை வதைத்தது வேறு. அஞ்சலீனா செத்த வருடத் தவக்காலத்துக்கென்று இறைச்சியை விட்ட தகப்பனும் மகளும் அதன் பிறகு இறைச்சியைத் தொடவே இல்லை. ஊரில் உள்ள வேதக்கார வீடெல்லாம் உயிர்த்த ஞாயிறன்று ஆட்டிறைச்சியும் ரோல்ஸும் கேக்குமாக இருக்க, இவர்கள் பூசைக்குப் போய்வந்து பாண் துண்டும் பருப்பும் சாப்பிட்டார்கள். நாங்கள் கந்தசஷ்டி பிடிக்கிற ஆட்கள். ஆறு நாள் பட்டினி கிடந்தாலும் ஏழாம் நாள் பாறணை உண்டு. சமைத்துச் சாப்பிட்டு விரதத்தை முடித்தே ஆகவேண்டும். முடிக்காத விரதம் ஆளைத் தின்னும். மேனுஷாவை அது தின்றுகொண்டிருந்தது. பதினைந்து வயதிலும் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கறி இருக்குமட்டும் அவளுக்கு நான் எதைச் சமைத்தாலும் தொண்டைக்குள் இறங்காது என்று எனக்குத் தெரியும்.

2008இல் ஈஸ்டர் முந்திக்கொண்டு மார்ச்சிலேயே வந்தது. பெரிய வெள்ளியன்று தோசைக்கு உழுந்து அரைக்கப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி சத்தத்துக்குச் சுவரில் இடிப்பாள் என்பதால் கிரைண்டரும் கராஜில்தான் குடியிருந்தது. அங்கே பிளக் குத்த ஒரே ஒரு இடம். ஃபிரீசரைக் கழற்றிவிட்டுக் கிரைண்டரைப் போட்டேன். அரைத்து முடிந்ததும் ஃபிரீசரைத் திரும்பக் குத்தினேன். சுவிட்சைத் தட்டியது இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் போனால் நிலமெல்லாம் தண்ணீர். பிளக் கழன்று தரையில் கிடந்தது. மீன் எல்லாம் இளகிவிட்டது. முதல் முறையாக அந்த டப்பாவைக் கையில் எடுத்தேன். உள்ளே கறி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் புரண்டது. கராஜ் குளிரில் கெட்டுப்போகவில்லை, நடுவில் பனிக்கட்டிகூட மிச்சம் இருந்தது.

பெனடிக்ற்றைக் கூப்பிட்டேன். வந்தவர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, திரும்ப வைத்தால் இறுகிவிடும்தானே என்றார். இளகின இறைச்சியைத் திரும்ப இறுக வைக்கக் கூடாது, ஒன்றில் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் எறிய வேண்டும் என்றேன். அவர் அதைக் கேளாதவர்போல் மூடியைத் துடைத்தார். எனக்குள் இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"உங்கட விரதத்துக்கு அவ பாறணை சமைச்சு வைச்சிட்டுத்தான் போயிருக்கிறா," என்றேன். "சாப்பிடாமல் விட்டது நீங்கள்."

மேனுஷா எப்போது வந்து கதவடியில் நின்றாளோ தெரியாது. தகப்பன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"எறியாதேங்கோ," என்றாள். அவ்வளவுதான். மாடிக்குப் போய்விட்டாள். எறியாவிட்டால் சாப்பிடத்தான் வேண்டும் என்று டப்பாவைக் குசினி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஞாயிறு காலையில் பனி தூவியது. இரண்டு பேரும் பூசைக்குப் போய்விட, நான் பிட்டு அவித்துவிட்டுக் கறியைச் சட்டியில் ஊற்றினேன். மேலே வெள்ளையாக உறைந்திருந்த கொழுப்பு உருக, அடியிலிருந்து சிவப்புக் குழம்பு வந்தது. நான் ஒரு கறிவேப்பிலைகூடப் போடவில்லை. ருசியும் பார்க்கவில்லை. இன்னொருத்தியின் சட்டிக்குள் நாக்கை வைக்க எனக்குத் துணிவில்லை. குழம்பு கொதிக்கத் தொடங்கியபோது என் முதுகுக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் பக்கமாக, யாரோ வந்து நின்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. நெருப்பு கூடிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. குறைத்தேன். நின்றவர் போகவில்லை.

வாசல் கதவு திறந்தது. வீடு முழுக்க அந்தக் கறியின் மணம். மேனுஷா கோட்டில் பனியோடு ஓடிவந்து குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா," என்றாள்.

என்னை இல்லை. நான் அகப்பையோடு திரும்பியதும் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்தபோது, இந்தச் சட்டியைத் தொட்டிருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

மேசையில் வைத்தேன். பெனடிக்ற் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் எடுத்தார். மெல்லுவதை நிறுத்தினார். மேனுஷா ஒரு துண்டு இறைச்சியைக் கடித்தாள்.

"உப்பில்லை," என்றாள்.

நான்கு வருடம் கும்பிட்ட கறியில் உப்பில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த கணம் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டேன்.

"அம்மா போடுறேல்லை," என்றாள் மேனுஷா தகப்பனைப் பார்த்து. "தவக்காலத்தில இறைச்சி ருசி பார்க்கக் கூடாதெண்டு, காய்ச்சேக்க உப்புப் போடமாட்டா. ஈஸ்டர் பூசையால வந்து, கோட்டோட நிண்டுதான் போடுவா. நான்தான் கையில வாங்கிப் பார்ப்பன்."

பெனடிக்ற் அதை மறந்துபோயிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உப்பை நீர் போடும்."

கறியைத் திரும்பச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். உப்பு டின்னைத் திறக்க விரல் வழுக்கியது. யாருடைய கைக்கு அளந்து போடுவது? என் கைக்குத்தான் போட்டேன். கலக்கிவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் மேனுஷா நின்றாள். கோட்டை இன்னும் கழற்றவில்லை. உள்ளங்கையை நீட்டினாள். அகப்பையால் கொஞ்சம் விட்டேன்.

"இன்னும் கொஞ்சம்."

போட்டேன். திரும்ப நீட்டினாள். இந்த முறை கையை வாயிலிருந்து எடுக்க அவளுக்கு நேரம் பிடித்தது. கண்ணீர் மணிக்கட்டு வழியே கோட்டுக் கைக்குள் ஓடியது.

"காணும், இப்ப சரி," என்றாள்.

அஞ்சலீனா மூன்று பேருக்குத்தான் காய்ச்சியிருந்தாள். மூன்று பேர் சாப்பிட்டோம். பெனடிக்ற் அழுதுகொண்டே சாப்பாட்டுக் கோப்பையைப் பிட்டால் வழித்தார். மேனுஷா இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள். கறி நல்ல உறைப்பு. சமையலில் என்னைவிட அஞ்சலீனா கைகாரிதான், அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பின்னேரம் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதை எங்கே வைப்பது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். மேனுஷா வந்து துணியால் துடைத்து என் கையில் தந்தாள்.

"வாற வருசம் நீங்கள் காய்ச்சுங்கோ," என்றாள். "உப்பு மட்டும் போடாதேங்கோ. நான் வந்து பார்க்கிறன்."